டிரான்ஸ்பார்மரில் மிச்சமிருந்த இடம்

அன்புள்ளவளுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன். மகளும் பேரனும் தேறி வருகிறார்கள் என்று நீ சொன்னதில் மனது நிறைந்தது. பேரனுக்கு என் மூக்கு என்றாயே, அதை மட்டும் நம்பமாட்டேன். பிறந்த குழந்தைக்கு அப்படி ஒரு கஷ்டம் எதற்கு?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். பக்கத்தில் மகள் இருப்பாள், மாப்பிள்ளை இருப்பார், சில நாள் சம்பந்தியம்மாவும் இருப்பார். இது நீ மட்டும் படிக்க வேண்டியது.

போன வாரம் கேட்டாய், எதிர்வீட்டுத் தையல்காரி ஏன் என் போனை எடுக்கவே மாட்டேங்கிறா, அவ புருஷனுக்கு ஏதாவது ஆயிடுச்சா, ஒரு எட்டு போய்ப் பார்க்கக்கூடாதா என்று. கல்யாண சீசன், வேலை மும்முரமா இருக்கும் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது பொய். அவள் புருஷன் டிரைவர் எப்போதும் போலத்தான் இருக்கிறார். அவள் உன் போனை எடுக்காததற்குக் காரணம் நான்.

மொட்டைமாடியில் சோலார் போடப்போகிறேன் என்றபோது நீ என்ன சொன்னாய்? இருக்கிறது ரெண்டே பேர், மூணு கிலோவாட் போதும், துணி காயப்போட இடம் விடுங்க என்றாய். அப்புறம் போனில் கேட்டபோது ஐந்து போட்டேன் என்றேன். அதுவும் பொய். போட்டது பதினைந்து. துணிக்கொடிக் கம்பியைக்கூடக் கழற்றிவிட்டேன். மாடியில் இப்போது நேராக நின்று நடக்க ஒரு முழம் இடமில்லை. குனிந்து குனிந்துதான் போகவேண்டும்.

ஏன் இவ்வளவு பெரிசு என்றால், உனக்குத் தெரியும். மாப்பிள்ளை கடைசியாக வந்த கோடையில் மேல் ரூமில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். ரெண்டு நாள் பொறுத்தார். அப்புறம் யாரோ நண்பர் வீடு என்று சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார். அது நண்பர் வீடு இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் சம்பந்தி தன் மாடி முழுக்க சோலார் பலகை போட்டுப் படம் அனுப்பினார். அன்றைக்கு எனக்குள் ஒரு பூச்சி குடைய ஆரம்பித்தது. ரூமுக்கு ஒரு ஏசி, ராத்திரி பகல் ஓடினாலும் பில் வராது, பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாசக்கணக்கில் இருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

சோலார் கம்பெனிக்காரர் முதலிலேயே எச்சரித்தார். "அஞ்சுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும் சார். பத்துக்கு மேல போனா வீட்டுக் கணக்குலேயே சேர்க்க மாட்டாங்க. த்ரீ ஃபேஸ் இழுக்கணும், எர்த்திங் குழி தனியா தோண்டணும், லைன் தாங்குமான்னு கரண்ட் ஆபீஸ்ல ஆய்வு பண்ணணும், உங்களை அலைய விட்டுடுவாங்க" என்றார். அலைகிறேன் என்றேன். அலைந்தேன். வரைபடத்தில் கையெழுத்து இடம் மாறியிருக்கிறது என்று ஒரு தடவை திருப்பினார்கள். எர்த்திங் குழி சுவருக்கு ரொம்பப் பக்கம் என்று ஒரு தடவை. பார்க்க வருகிறேன் என்றவர் மழை என்று வரவில்லை, அப்புறம் வெயில் என்று வரவில்லை. காலமெல்லாம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவன் நான். என்னைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த ஆபீஸில் உட்கார நாற்காலி கிடைக்கவே எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

கடைசியில் அந்த ஆபீஸ் பொறியாளர் அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். நல்ல மாதிரியான பெண், நம் மகள் வயதுதான் இருக்கும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் வீடுகளுக்குக் கரண்ட் இறக்கி அனுப்பவென்று வைத்தது. வீடுகள் தங்கள் மாடியில் மிஞ்சியதைத் திருப்பி ஏற்றினால் அது ஓர் அளவுக்குத்தான் தாங்கும். "உங்க தெருவுல இன்னும் பதினஞ்சுக்குத்தான் சார் இடமிருக்கு. முதல்ல யார் விண்ணப்பம் பதிவாகுதோ அவங்களுக்கு. உங்களுக்கு முன்னாடி வேற யாராவது கொடுத்துட்டா உங்களோடதைக் குறைக்க வேண்டியிருக்கும்" என்றார். பெரிய டிரான்ஸ்பார்மர் எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்தார்.

அப்போது என் தோள்பையில் ரெண்டு விண்ணப்பம் இருந்தது. ஒன்று என்னுடையது, திரும்பி வந்ததைத் திருத்தி எழுதியது. இன்னொன்று தையல்காரியுடையது. முந்தின நாள் சாயங்காலம் வந்து கொடுத்தாள். "அண்ணா, எனக்கு அங்க போனா எந்த ஜன்னல்னுகூடத் தெரியாது. உங்களோடதைக் கொடுக்கும்போது என்னோடதையும் சேர்த்துக் கொடுத்துடுங்க" என்றாள். மூன்று கிலோவாட். டிரைவருக்கு மூச்சுக்கு வைத்திருக்கிற ஆக்ஸிஜன் மிஷின் இருக்கிறதே, அது நாள் முழுக்க ஓடி பில் ஏறிக்கொண்டே போகிறது, அதற்காக.

பையில் கை விட்டேன். என்னுடையதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

கை நடுங்கியிருந்தால் இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நடுங்கவில்லை. அவளுடையதைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்து, எனக்கு அனுமதி எண் கிடைத்த பிறகு போய்க் கொடுத்தேன். நடுவில் அவள் கேட்டபோதெல்லாம், கொடுத்தாச்சும்மா, அவங்க வேலை மெதுவாத்தான் நடக்கும் என்று சொன்னேன். ஆபீஸைத் திட்டவும் செய்தேன். நன்றாகத் திட்டினேன்.

புது மீட்டர் பொருத்தி ஓடவிட்ட அன்று தெருவில் எல்லாருக்கும் டீ கொடுத்தேன். அவள் வந்து, சுவரில் மாட்டியிருக்கிற சோலார் இன்வெர்ட்டர் பெட்டியில் தூசி படாமல் இருக்க ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் பூ வேலை வேறு. மூடினால் சூடேறிவிடும் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டதால் அதை மடித்து உன் புடவைகளோடு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் கை போவதில்லை.

பிறகு அவளுக்குப் பதில் வந்தது, உங்கள் பகுதியில் இடமில்லை என்று. என்னிடம்தான் கொண்டுவந்தாள். வேறு யாரிடம் போவாள்? கூட வந்து ஒரு வார்த்தை பேசுங்கண்ணா என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். பொறியாளர் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது பார், வெள்ளை மனசோடு சொல்லிவிட்டார். "சாரோட விண்ணப்பத்தோட உங்களோடதும் அன்னைக்கே வந்திருந்தா, ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுத்திருப்பேன்மா. இது ரொம்ப நாள் கழிச்சுல்ல வந்திருக்கு" என்றார்.

தையல்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றுகொண்டே வந்தாள்.

இவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே. உன்னிடம் மறைக்க முடியவில்லை.

உன் பதிலை எதிர்பார்த்து,
உன் வீட்டுக்காரன்

* * *

அன்புள்ளவளுக்கு,

கடிதம் கிடைத்துவிட்டது என்று தெரிகிறது. எப்போது கூப்பிட்டாலும் மகள்தான் எடுக்கிறாள். அம்மா குளிக்கிறாங்கப்பா என்கிறாள், அம்மா இப்பத்தான் படுத்தாங்கப்பா என்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? சரி, பேச வேண்டாம். படிக்கவாவது படி.

உனக்கு எழுதி முடித்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. வாசல் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். அவள் வாசலில் இருந்தால் உள்ளேயே நின்றுகொள்கிறேன். பால் பாக்கெட் வெயிலில் கிடந்து ஒரு நாள் கெட்டுப்போயிற்று. திருட வந்தவன் மாதிரி நம் வீட்டுக்குள்ளேயே அடிமேல் அடி வைத்து நடக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பலகைகளில் தூசி படிந்தால் கரண்ட் குறையும் என்று மாடிக்குப் போய்த் துடைப்பேன். ஒரு நாள் உச்சிவெயிலில் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருவே ஓய்ந்து கிடக்கிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தேன். டிரைவரின் மிஷின் சத்தம் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்த உறுமல் நம் வீட்டு ஹால் வரைக்கும் கேட்கும். நீகூட, அது கேட்கிற வரைக்கும் நிம்மதி என்பாய். எட்டிப் பார்த்தேன். டிரைவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரெண்டு கையையும் ஜன்னல் கட்டையில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் போயிருக்கும் என்று பார்த்தால் உள்ளே தையல் மிஷின் மேல் லைட் எரிகிறது.

அன்றைக்கு மளிகைக்கடையில் பேச்சுவாக்கில் தெரிந்தது. பில்லைக் குறைக்க மத்தியானம் முழுக்க மிஷினை நிறுத்தி வைக்கிறார்களாம். டிரைவர்தான் பிடிவாதமாக நிறுத்துகிறாராம், வெளிச்ச நேரத்துல காத்து தானா வரும், ராத்திரிக்கு வச்சுக்கலாம் என்று. அவள் அழுதாளாம், கேட்கவில்லையாம்.

நான் போன மாசம் பொறியாளர் அம்மாவிடம் பெருமையாக ஒன்று கேட்டிருந்தேன். என் மாடியில் மிஞ்சுகிற கரண்ட் எந்த ஊர் வரைக்கும் போகும் என்று. "ஊரெல்லாம் எங்க சார் போகுது? பக்கத்து வீடு, எதிர்வீடு, அங்கேயே தீர்ந்துடும். அவங்க மீட்டர்ல ஏறும், நாங்க அவங்களுக்கு பில் போடுவோம்" என்றார். அப்போது சிரித்தேன். உச்சிவெயிலில்தான் என் மாடி நிறையக் கரண்டைத் தள்ளுகிறது. அதே கரண்ட்தான் தெருவைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போய் நிற்கிறது. அதற்கு வரும் பில்லுக்குப் பயந்துதான் அந்த மனுஷன் மூச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். பொறியாளர் அம்மாவிடம், என் பதினைந்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தைத் தையல்காரிக்குக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கூட்டிக் கொடுங்கன்னுதான் சார் இத்தனை நாளா வந்திருக்காங்க. குறைங்கன்னு யாரும் வந்ததில்லை. அதுக்குன்னு எங்ககிட்ட தனி விண்ணப்பமே கிடையாது" என்றார். கடைசியில் கூட்டுவதற்கான விண்ணப்பத்தையே எடுத்து 'கூட்ட' என்ற இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 'குறைக்க' என்று எழுதினோம். அதில் ஒரு இடத்தில் காரணம் எழுத வேண்டும். ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'தேவைக்கு மேல் எடுத்துவிட்டேன்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு வரிசைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்.

ஆனால் அப்புறம் ஒரு குண்டு போட்டார். நான் விட்டுக்கொடுத்தால் அது தையல்காரிக்குப் போகாது. வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னொருத்தர் இருக்கிறார். மூலைக்கடை மளிகைக்காரர். கடை ஃப்ரிட்ஜ், மாவு மிஷின் எல்லாவற்றுக்குமாகப் பத்து கேட்டிருக்கிறார். அவர் எப்போது கொடுத்தார் தெரியுமா? அவளுடைய விண்ணப்பம் என் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான்.

கணக்கு உனக்கே புரியும். அவளுக்கு மூன்று போய்ச் சேரவேண்டுமென்றால் மளிகைக்காரரின் பத்து முதலில் தீரவேண்டும். பதினைந்தில் எனக்கு ரெண்டு மிஞ்சும்.

அங்கேயும் என் புத்தி என்ன செய்தது பார். மளிகைக்காரரைக் கெஞ்சிப் பார்க்கலாம், அவர் கொஞ்சம் பின்னால் போனால் நான் மூன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டது. கடைக்குப் போனேன். மூச்சுக்குக் கஷ்டப்படுகிற மனுஷன், ஒரு உதவியாக இருக்கும், நீங்கள் வரிசையில் அவளுக்கு வழி விடக்கூடாதா என்று நயமாகப் பேசினேன். அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "சார், அன்னைக்கு என் தராசுல எடை குறைஞ்சதுன்னு கடைக்கு சீல் வச்சீங்க. தப்பு என்னோடது, அபராதம் கட்டினேன். அப்ப நீங்க சொன்னீங்க, குறைச்சுக் கொடுக்கிறது திருட்டுய்யா, அதுக்கு வேற பேரே கிடையாதுன்னு. நான் வழி விடறேன். நீங்க உங்க பதினஞ்சுல எவ்வளவு விடறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல."

கடையில் நாலு பேர் நின்றார்கள். வாங்கவந்த சாமானை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அவரிடம் மறுபடி போய்க் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. விண்ணப்பத்தில் 'பாதி' என்று எழுதியிருந்ததை மாற்றவேண்டும். நாளைக்குப் போகிறேன். பதின்மூன்றை விடுகிறேன்.

நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடாதே, டாக்டர் வேண்டாம் என்று சொன்னதாக மகள் சொன்னாள். உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் வீட்டுக்காரன்

* * *

அன்புள்ளவளுக்கு,

நேற்று மகள் போனில் சொன்னாள். "அப்பா, என்ன நினைக்கிறார்னு எழுத வேண்டாம், என்ன செஞ்சார்னு எழுதச் சொல்லுன்னு அம்மா சொல்றாங்க. என்னப்பா விஷயம்?" என்றாள். ஒன்றுமில்லைம்மா என்றேன். உன் குரல் பின்னால் எங்கேயோ கேட்டது. குழந்தையிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாய். கேட்டதே போதும் என்றிருந்தது.

செய்ததை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தை மாற்றிக் கொடுத்தேன். குறைப்பதற்கும் கூட்டுவதற்குப் பட்ட பாட்டையே படவேண்டியிருந்தது. மறுபடி ஆய்வு, மறுபடி வரைபடம், மறுபடி ஒருவர் மாடிக்கு வந்து பலகைகளை எண்ணிப் பார்த்தார். பெட்டியில் அளவைக் குறைத்து வைத்தால் போதாதாம், பலகையைக் கண்ணெதிரே இறக்கிவிட வேண்டுமாம். சோலார் கம்பெனிக்காரர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா சார்?" என்றே கேட்டுவிட்டார். அப்புறம் ஆட்களைக் கூட்டிவந்து இறக்கினார். ஏற்றியபோது தெருவே நிமிர்ந்து பார்த்தது. இறக்கியபோதும் பார்த்தது. ஏதாவது பழுதா என்று கேட்டவர்களிடம் ஆமாம், பழுதுதான் என்றேன்.

எதிர்வீட்டுக்குப் போனேன். இதற்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது. இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கிடைத்த பிறகு போனால் நன்றி வாங்க வந்தவன் மாதிரி இருக்கும்.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. டிரைவர்தான் உட்காருங்க சார் என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பையில் ரெண்டும் இருந்தது, என்னுடையதை மட்டும் கொடுத்தேன், மறதி இல்லை, தெரிந்துதான் செய்தேன் என்றேன்.

டிரைவர் மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். "எனக்குக் கோவம் இல்லைன்னு சொன்னா பொய் சார். ஆனா கோவப்படறதுக்கும் மூச்சு வேணுமே, அதான் அடக்கி வச்சிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து அடங்க நேரமாயிற்று. எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவேண்டும் போல் இருந்தது. அந்த வீட்டில் எதையும் தொடும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிவிட்டாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "நீங்க எடுத்துக்கிட்டதைக்கூட விடுங்க சார். அவங்கவங்க வீடு, அவங்கவங்க ஆசை. அந்த ஆபீஸ்ல, அந்தம்மா சொன்னப்போ, ஆமாம்மா அது என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் உங்க பக்கத்துல உட்கார்ந்தே வீட்டுக்கு வந்திருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தீங்களே சார்" என்றாள்.

அண்ணா என்று இல்லை. சார் என்று. ஒரே பேச்சில் ரெண்டு தடவை.

இறக்கிய பலகைகளில் அவளுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றாள். "அக்கா வந்து கொடுத்தா அப்ப பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். உன்னிடம் அவளுக்குக் கோபமில்லை என்று அதில் தெரிந்தது. நான் கேட்டேவிட்டேன், அவள் ஏன் உன் போனை எடுப்பதில்லை என்று. "எடுத்தா என்ன சொல்றது? நல்லாயிருக்கியான்னு அக்கா கேட்பாங்க. நான் சொல்லிடுவேன். பேரப்பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டிருக்கிற நேரத்துல அதை எதுக்குக் கேட்கணும்" என்றாள். என் குற்றத்தை உன்னிடமிருந்து இத்தனை நாள் காப்பாற்றியது நான் இல்லை, அவள்.

அவளுக்கு அனுமதி வந்தது. மளிகைக்காரருக்கும் வந்தது. தையல்காரி வேறொரு கம்பெனியைப் பிடித்துத் தவணையில் தன் பலகைகளைத் தானே போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை எந்த ஜன்னல் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டு ஆபீஸுக்குப் போய்வந்தாள். பொறியாளர் அம்மா இப்போது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். ஓடவிட்ட அன்று அவள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்? நம் மேல் ரூம் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏற ஏற, மிஷின் சத்தம் கேட்டது. உச்சிவெயிலில் கேட்டது. சாயங்காலம் வரைக்கும் நிற்கவில்லை. நானும் அங்கேயே நின்றேன்.

அன்றைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. பட்டன் விட்டுப்போன என் சட்டை ஒன்று அவளிடம் பழைய பாக்கியாகக் கிடந்தது. மளிகைக்காரர் கையில் கொடுத்தனுப்பினாள். பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்து சொன்னால்தான் புரியும். டிரைவர் ஜன்னலிலிருந்து தலையசைக்கிறார். அவள் தெருவில் எதிரே வந்தால் அவசரமாகப் போகிற மாதிரி போகிறாள்.

ரூமுக்கு ஒன்றாக வாங்கியிருந்த ஏசிகளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன், அதையும் கொஞ்ச நேரம்தான் போடமுடியும். மாப்பிள்ளையிடம் நானே பேசினேன். முதல் தடவையாக மனசு விட்டுப் பேசினேன் என்று வைத்துக்கொள். வீடு இப்படித்தான் இருக்கும், சூடு தாங்காவிட்டால் ஹோட்டலில் தங்குங்கள், நான் தவறாக நினைக்கமாட்டேன், பகலில் குழந்தையை மட்டும் காட்டிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தடுமாறிப்போனார். "அன்னைக்கு நாங்க ஹோட்டலுக்குப் போனது உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ரெண்டு பேரும் அப்புறம் வேறு ஏதோ பேசினோம். ஏன் பதினைந்து ரெண்டாயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.

மாடியில் இப்போது நிமிர்ந்து நடக்கலாம். துணிக்கொடியை மறுபடி கட்டினேன். இழுத்துக் கட்டத் தெரியவில்லை, நடுவில் தொங்குகிறது.

நீ டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறாய் என்று மகள் சொன்னாள். குழந்தைக்கு ஊசி போடவேண்டும், அது முடியட்டும் என்று நீ சொன்னதாகச் சொன்னாள். குழந்தைக்காக என்றால் எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. நான் சமைத்துக்கொள்கிறேன், துவைத்துக்கொள்கிறேன், ஒரு குறையும் இல்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் தள்ளிப் போட்டிருக்கிறாய் என்றால், அது நியாயம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பார்க்காமல் இருப்பதென்றாலும் இங்கே வந்து இரு. இந்த வீட்டிலேயே, பக்கத்து ரூமில் இருந்துகொண்டு பார்க்காமல் இரு.

பேரன் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிறவனாக வளரட்டும்.

உன் வருகையை எதிர்பார்த்து,
உன் வீட்டுக்காரன்